விலைப்பட்டியலில் இல்லாத எண்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் இரண்டிலும் கீறல் விழுந்துவிட்டது. ஃபிரேம் மட்டும் நன்றாக இருந்தது. கல்லூரிப் பணியின் கடைசி ஆண்டில் வாங்கியது. மூக்குக்கும் காதுக்கும் பழகிப்போனது. அதை விட மனமின்றி, லென்ஸை மட்டும் மாற்றித் தருமாறு ஒரு கண்ணாடிக் கடையில் கேட்டேன். வெயிலுக்கு அணியும் பழைய குளிர்கண்ணாடி ஒன்றையும் உடன் எடுத்துச் சென்றிருந்தேன். அதிலும் என் பவருக்கு ஏற்ற லென்ஸ் பொருத்த வேண்டும் என்பது எண்ணம்.

பள்ளி நாளிலிருந்தே எனக்குக் கிட்டப்பார்வை. இப்போது வலக்கண்ணுக்கு மைனஸ் ஏழு. கடையிலிருந்த இளைஞர் பரிவோடு பேசினார். இந்தப் பவருக்குச் சாதாரண லென்ஸ் போட்டால் ஓரம் தடித்துத் தெரியும், கிடைப்பதிலேயே மெல்லியதான 1.74 ரகத்தைப் போடலாம் சார் என்றார். விலை சாதாரண லென்ஸைவிடப் பல மடங்கு. விலை உயர்ந்தது தரத்திலும் உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று நம்பி ஒப்புக்கொண்டேன். விலையும் தரமும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் நான்.

புதிய லென்ஸை அணிந்த முதல் மாலையே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. கூடத்துக் குழல்விளக்கைக் கடைக்கண்ணால் பார்த்தால் அதன் ஒரு விளிம்பில் நீலக் கோடும் மறு விளிம்பில் மஞ்சள் கோடும் தெரிந்தன. லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக நாளிதழைப் படிக்கும்போது எழுத்துகள் மெல்லிய சாயம் கலந்தவைபோல் இருந்தன. கண்புரையோ என்று அஞ்சி மருத்துவரிடம் சென்றேன். அவர் நன்கு சோதித்துவிட்டு, கண்ணில் குறையொன்றும் இல்லை என்றார். பிறகு லென்ஸ் எந்த ரகம் என்று கேட்டறிந்து, இந்தப் பவருக்கு அதன் அபே எண் மிகக் குறைவு, நிறங்கள் பிரிவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள் என்று விளக்கினார். கடைக்குத் திரும்பிச் சென்று அந்த எண்ணைக் கேட்டேன். இளைஞருக்கு அப்படியொரு எண் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. கடையின் விலைப்பட்டியலிலும் அது இல்லை.

அபே எண் புரிந்துகொள்ள எளியது. வெண்ணிற ஒளி முப்பட்டகத்தினூடே செல்லும்போது நிறங்களாகப் பிரிகிறது. லென்ஸும் ஓரத்தில் ஒரு முப்பட்டகமே. எந்தப் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை ஒளிவிலகல் எண் சொல்கிறது, கடைக்காரர்கள் 1.50, 1.60, 1.67, 1.74 என்று சொல்வது அதைத்தான். அவ்வாறு வளைக்கும்போது நிறங்களை எவ்வளவு சிதறவிடுகிறது என்பதைச் சொல்வது அபே எண். அது கூடினால் சிதறல் குறையும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு, அதாவது 1.50 ரகத்துக்கு, இந்த எண் ஏறத்தாழ 58. 1.60 ரகத்துக்கு 41 அளவில். 1.67, 1.74 ரகங்களுக்கு 32, 33 என்ற அளவில். எளிதில் உடையாத பாலிகார்பனேட்டுக்கு 30தான். மெலிவுக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை ரூபாயில் மட்டும் இல்லை.

இதில் பவருக்கும் பங்குண்டு. லென்ஸின் மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகிப் பார்க்கும்போது, பவரை அபே எண்ணால் வகுத்தால் நிறச்சிதறலின் அளவு கிடைக்கும். என் ஏழை 33ஆல் வகுத்தால் சுமார் 0.21, 58ஆல் வகுத்தால் 0.12. ஒன்றரைப் பவர் உள்ளவருக்கு 30 எண் கொண்ட லென்ஸிலும் 0.05தான் வரும்; அவர் கண் அதை அறியவே அறியாது. ஆகவே குறைந்த பவர்காரர்களும் விளையாடும் குழந்தைகளும் பாலிகார்பனேட்டைத் தயங்காமல் போடலாம். பவர் கூடக் கூடத்தான் கேள்வி எழுகிறது.

பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். 2001-ல் நோபல் பரிசும் பெற்றார். அக்கட்டுரையைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது என்ற சந்தையை நேரில் கண்டது இதுவே முதல்முறை. எண்ணுக்குப் பெயர் தந்த அந்த மனிதர் யார் என்று தேடத் தொடங்கினேன். ஒளியியல் அறிஞர் ஒருவரைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். என் துறையைச் சேர்ந்தவர்கள் மறந்துபோன ஒருவர் கிடைத்தார்.

எர்ன்ஸ்ட் அபே 1840 ஜனவரி 23 அன்று ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். தந்தை அங்கிருந்த நூற்பாலையில் தொழிலாளி, பின்னர் மேற்பார்வையாளரானார். நாள்தோறும் பதினான்கு மணி நேர வேலை. நெருக்கடிக் காலங்களில் பதினாறு மணி நேரம். இடைவேளை கிடையாது. மதிய உணவை வீட்டிலிருந்து எடுத்துச் செல்வது சிறுவன் எர்ன்ஸ்டின் வேலைகளில் ஒன்று. தந்தை இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே பாத்திரத்திலிருந்து அவசரமாக உண்டுவிட்டு, காலிப் பாத்திரத்தை மகனிடம் தந்து, உடனே வேலைக்குத் திரும்புவார். உடற்கட்டு மிக்க அந்த மனிதர் நாற்பதுகளிலேயே கிழவர்போல் ஆகிவிட்டதை மகன் கண்டான். பிற்காலத்தில் பெரிய தொழிலகத்தின் உரிமையாளராகி, வேலை நேரம் பற்றிப் பேச மேடையேறியபோது அபே அந்தப் பாத்திரத்தை நினைவுகூர்ந்தார்.

மகனின் கூர்மையைக் கண்ட ஆலை முதலாளிகள் படிப்புக்கு உதவினார்கள். யேனா பல்கலைக்கழகத்திலும், பிறகு கோட்டிங்கனிலும் பயின்றார். பிறருக்குத் தனிப்பாடம் சொல்லிச் செலவைச் சரிக்கட்டினார். 1861-ல் கோட்டிங்கனில் முனைவர் பட்டம்; ஆய்வு வெப்பவியல் பற்றியது. 1863-ல் யேனாவில் விரிவுரையாளர் தகுதிக்காக அளித்த ஆய்வேடு, அளவீடுகளில் நேரும் பிழைகள் எவ்வாறு பரவியிருக்கும் என்பது பற்றியது. இன்று புள்ளியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் கை-வர்க்கப் பரவல் அந்த ஆய்வேட்டிலேயே இருக்கிறது. கார்ல் பியர்சன் அதை உலகறியச் செய்தது 1900-ல். நானும் பியர்சன் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடத்தினேன்.

யேனாவில் அப்போது கார்ல் ஜெய்ஸ் என்ற கைவினைஞர் 1846-ல் தொடங்கிய நுண்ணோக்கிப் பட்டறை இருந்தது. 1866-ல் ஆயிரமாவது நுண்ணோக்கி அங்கிருந்து வெளிவந்தது. ஆனால் ஜெய்ஸுக்கு மனநிறைவு இல்லை. அக்காலத்தில் எல்லாப் பட்டறைகளிலும் லென்ஸ்களைத் தேய்த்து, ஒன்றோடொன்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, நன்றாகத் தெரியும் சேர்க்கையைப் பிடித்துக்கொள்வதுதான் வழக்கம். கைராசி மிக்க கலைஞர் இருந்தால் நல்ல நுண்ணோக்கி. அவர் இறந்தால் அந்தத் திறமும் அவரோடு போய்விடும். கணக்குப் போட்டு, முன்கூட்டியே தீர்மானித்து லென்ஸ் செய்ய முடியுமா என்பது ஜெய்ஸின் கேள்வி. அதற்கு விடை காண 1866-ல் இருபத்தாறு வயது அபேயை அமர்த்திக்கொண்டார்.

தொடக்கம் தோல்வி. அபேயின் கணக்குப்படி செய்த முதல் லென்ஸ்கள் பழைய கைப்பழக்க லென்ஸ்களைவிட மோசமாகத் தெரிந்தன. பிழைகளைக் குறைப்பதற்காக ஒளி நுழையும் கோணத்தை அவர் சுருக்கியிருந்தார். படத்தில் நுண்ணிய விவரங்களே காணாமல்போயின. ஏன் என்று துருவியபோதுதான், ஒளியின் அலைத்தன்மை காரணமாக எந்த நுண்ணோக்கிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் கண்டறிந்தார். 1873-ல் அதை வெளியிட்டார். அந்த எல்லையைக் கூறும் சூத்திரம் இன்று யேனாவில் அவருடைய நினைவுக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1872 முதல் ஜெய்ஸ் பட்டறையின் நுண்ணோக்கிகள் யாவும் அவருடைய கணக்கின்படியே செய்யப்பட்டன. 1882-ல் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தபோது அவருக்கு உதவியவை அபே வடிவமைத்த ஒளிகுவிப்பானும் எண்ணெயில் அமிழும் லென்ஸும்.

இதற்கிடையில் அவர் தம் ஆசிரியர் கார்ல் ஸ்னெல்லின் மகள் எல்சாவை 1871-ல் மணந்தார். ஜெய்ஸின் பங்குதாரராகவும் ஆனார்.

இனி நம் மூக்குக்கண்ணாடிக்கு வருகிறேன். கணக்கு சரியானபின் தடையாக நின்றது கண்ணாடி. அன்று கிடைத்த ஒளியியல் கண்ணாடிகளில், ஒளியை அதிகம் வளைப்பவை நிறங்களையும் அதிகம் சிதறடித்தன. இரண்டு குணங்களும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தன. நான் 1.74 லென்ஸில் கண்ட அதே சிக்கல்தான். 1876-ல் லண்டனில் நடந்த அறிவியல் கருவிக் கண்காட்சியைப் பார்த்த அபே, புதிய கண்ணாடி வகைகள் வராமல் நுண்ணோக்கி முன்னேறாது என்று அறிக்கை எழுதினார். அதைப் படித்த ஓட்டோ ஷாட் என்ற இளம் வேதியியலாளர், 1879-ல் தாம் உருக்கிய லித்தியம் கண்ணாடித் துண்டு ஒன்றை அபேக்கு அனுப்பிவைத்தார். அந்தத் துண்டு பயன்படவில்லை; அனுப்பியவர் பயன்பட்டார். 1882-ல் ஷாட் யேனாவுக்கே வந்துவிட்டார். 1884-ல் அபே, ஷாட், ஜெய்ஸ், அவர் மகன் ரோடெரிக் ஆகிய நால்வரும் சேர்ந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் நிறுவினார்கள்.

1886-ல் அக்கூடம் தன் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டது. அதில் 44 வகைக் கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒளிவிலகல் எண், நிறச்சிதறலின் அளவு, அவ்விரண்டிலிருந்தும் கணிக்கப்படும் விகிதம் ஆகியவை அச்சாகியிருந்தன. இன்று அபே எண் எனப்படுவது அந்த விகிதந்தான். வாங்குபவர் பணம் கொடுக்குமுன்பே தாம் வாங்குவது என்ன என்பதை எண்ணால் அறிந்துகொள்ளலாம். என் கடைப் பட்டியலைவிட நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூத்த பட்டியல் அது.

இந்தக் கண்ணாடிகளையும், சுவிஸ் மலைகளில் அபே தாமே தேடியலைந்த ஃபுளோரைட் கனிமத்தையும் கொண்டு, நிறப்பிழை ஏறக்குறைய நீங்கிய நுண்ணோக்கி லென்ஸ்கள் அதே 1886-ல் வந்தன. அறிவியலுக்குப் பயன்படும் கருவிக்குக் காப்புரிமை கோரக்கூடாது என்பது அவர் கொள்கை; நுண்ணோக்கி மேம்பாடுகளுக்கு அவர் அதைக் கோரவில்லை. ஃபுளோரைட்டின் பயனைச் சிறிது காலம் வெளியிடாமல் வைத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கனிமம் அரிது, கொள்கையும் வணிகமும் எப்போதும் ஒரே வீட்டில் அமைதியாக இருப்பதில்லை.

1888 டிசம்பரில் கார்ல் ஜெய்ஸ் மறைந்தார். நூற்பாலைத் தொழிலாளியின் மகன் பெருஞ்செல்வராக நின்றார். அடுத்த ஆண்டே அவர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1891-ல் ஜெய்ஸ் தொழிலகத்திலும் கண்ணாடி ஆலையிலும் தமக்கிருந்த உரிமையை அதற்கு எழுதிக்கொடுத்தார். ரோடெரிக்கின் உரிமைக்கு ஈட்டுத்தொகை தந்து அதையும் அறக்கட்டளையில் சேர்த்தார். தாம் நிறுவிய அமைப்புக்குத் தம் பெயரைச் சூட்டாமல் கார்ல் ஜெய்ஸின் பெயரைச் சூட்டினார். அதன்பின் அவர் அங்கே சம்பளம் பெறும் நிர்வாகி மட்டுமே.

இது வெறும் வள்ளன்மை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். அவருடைய வாதம் பொருளியல் வாதம். தொழிலகத்தின் இலாபத்தில் தம் உழைப்புக்கு உரியது ஒரு பகுதிதான். எஞ்சியது பல தலைமுறை அறிவியலாலும், பல்கலைக்கழகத்தாலும், நூற்றுக்கணக்கான தொழிலாளரின் கூட்டு உழைப்பாலும் விளைந்தது. எனவே அது தனியொருவரின் உடைமையாக முடியாது என்று அவர் கருதினார். மார்க்ஸைப் பின்பற்றியவர் அல்லர், அரசியலில் தாராளவாதி.

1896-ல் அறக்கட்டளைக்கு அவர் எழுதிய விதிகளை இன்றைய நிறுவன நிர்வாகிகள் படிக்க வேண்டும். ஓய்வூதியம், ஊதியத்துடன் விடுப்பு, இலாபப் பங்கு, வேலையிலிருந்து நீக்கினால் இழப்பீடு ஆகிய அனைத்தும் தொழிலாளர் நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமைகளாக எழுதப்பட்டன. பிறப்பு, சமயம், அரசியல் கருத்து ஆகியவற்றின் பேரில் யாரிடமும் வேறுபாடு காட்டக்கூடாது. மேல்மட்ட நிர்வாகி எவருடைய சம்பளமும் அனுபவமுள்ள தொழிலாளர்களின் சராசரி ஊதியத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டக்கூடாது. இந்த வரம்பு விதியை எழுதியவருக்கும் பொருந்தியது.

1900 ஏப்ரல் 1 முதல் ஜெய்ஸ் தொழிலகத்தில் ஒன்பது மணி நேர வேலை எட்டு மணி நேரமானது. ஒன்பது மணி நேர வேலையை எட்டில் முடிக்க வேண்டுமானால் மணிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 விழுக்காடு, உற்பத்தி கூட வேண்டும். கூடியதா என்பதை அபே நம்பிக்கையிடம் விடவில்லை. எண்ணிக்கைக் கூலி பெறும் அனுபவமுள்ள 233 தொழிலாளர்களின் ஈட்டத்தை, மாற்றத்துக்கு முந்தைய ஆண்டுக்கும் பிந்தைய ஆண்டுக்கும் ஒப்பிட்டார். மணிக்கு 16.2 விழுக்காடு கூடியிருந்தது. குறைந்த நேரத்தில் மொத்த உற்பத்தி சற்றே உயர்ந்திருந்தது. தாங்கள் விரைவாக வேலை செய்வதாகத் தொழிலாளர்கள் பலருக்குத் தோன்றவே இல்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. களைப்பு எவ்வளவு உற்பத்தியைத் தின்கிறது என்பதை அளவீட்டுப் பிழைகள் பற்றி ஆய்வேடு எழுதிய ஒருவர் அளந்து காட்டிவிட்டார்.

உழைப்புப் பொருளியலையும் நான் கற்பித்திருக்கிறேன். இந்த 233 பேரை ஒருமுறைகூடக் குறிப்பிட்டதில்லை. 2023-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, மே நாளன்று திரும்பப்பெறப்பட்டதே, அந்த நாட்களில் ஒரு கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். பொதுவான நியாயங்களைச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். கையில் இந்த ஒரு கணக்கு இருந்திருக்கலாம்.

பிறருக்கு எட்டு மணி நேரம் வகுத்தவர் தமக்கு அந்தச் சலுகையை அளித்துக்கொள்ளவில்லை. தொழிலகம், பல்கலைக்கழகம், வானாய்வகம் என்று ஓய்வின்றி உழைத்து உடல் நலிந்தார். 1903-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டில் யேனா மக்களுக்காக அறக்கட்டளை கட்டிய மக்கள் மன்றம் திறக்கப்பட்டது. 1905 ஜனவரி 14 அன்று, அறுபத்தைந்து வயது நிறைய ஒன்பது நாட்கள் இருக்கையில் மறைந்தார். 1911-ல் அமைந்த அவருடைய நினைவு மண்டபம் இன்றும் யேனாவில் நிற்கிறது.

அவர் எழுதிய விதிகள் எல்லாத் தீமையையும் தடுத்துவிடவில்லை. நாஜி ஆட்சிக் காலத்தில் அதே தொழிலகத்தில் கட்டாய உழைப்பாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். போருக்குப்பின் ஜெர்மனியோடு நிறுவனமும் இரண்டானது. நாடு இணைந்தபின் மீண்டும் ஒன்றானது. இன்றும் ஜெய்ஸ், ஷாட் இரண்டும் அந்த அறக்கட்டளையின் உடைமையே. அபே மூக்குக்கண்ணாடி லென்ஸ் செய்தவர் அல்லர். ஜெய்ஸ் அத்தொழிலில் இறங்கியது அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப்பின், 1912-ல்.

ஆவணி பிறந்ததும் அதே கடைக்கு மறுபடி சென்றேன். இம்முறை மூக்குக்கண்ணாடிக்கு 1.60 ரகத்தைக் கேட்டேன். ஓரம் சற்றுத் தடிக்கும் என்று இளைஞர் எச்சரித்தார். என் ஃபிரேமின் வட்டம் சிறியது, ஆகையால் பொறுத்துக்கொள்ளலாம் என்றேன். அகன்ற ஃபிரேம் என்றால் இந்தத் துணிச்சல் கூடாது. குளிர்கண்ணாடிக்கு அவர் அடர்கறுப்புச் சாயத்தைக் காட்டினார். சாயத்தின் கருமைக்கும் புற ஊதாக் கதிர்த் தடுப்புக்கும் தொடர்பில்லை. தடுப்பு இல்லாத கறுப்பு லென்ஸ் கண்பாவையை விரியச் செய்து, அந்தக் கதிர்களை இன்னும் தாராளமாக உள்ளே விடும். ஆகவே 400 நானோமீட்டர் வரை தடுக்கும் லென்ஸ் என்று உறுதி கேட்டேன். தார்ச்சாலையின் கண்கூச்சம் தணிய போலரைஸ்டு வகையையும் கேட்டேன். அதை அணிந்தால் சில கைப்பேசித் திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுவிடும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக ஃபிரேம் முகத்தைச் சுற்றி வளையாமல் தட்டையாக இருந்தது. மிகவும் வளைந்த ஃபிரேமில் என் பவரைப் பொருத்தினால் ஓரக்காட்சி கோணலாகும்.

கடைசியாக, 1.60 லென்ஸின் அபே எண்ணைக் கேட்டேன். இளைஞர் சிரித்துக்கொண்டே லென்ஸ் அனுப்பும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் இருவரிடம் மாற்றிக் கொடுத்து, மூன்றாமவர் பதில் சொன்னார். ரசீதில் அதற்கு இடமில்லாததால் பின்புறம் பேனாவால் 41 என்று எழுதி, அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள் சார் என்று தந்தார்.